2050-ல் தண்ணீர் போதுமா? கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

"2050-ல் இந்தியாவின் தண்ணீர்த் தேவை, கிடைக்கக்கூடிய தண்ணீரைத் தாண்டிவிடும் என்கிறார்கள். அதைச் சமாளிக்கத் தேசிய அளவில் திட்டம் ஏதும் இருக்கிறதா? நதிகளை இணைத்து, கடலோர நகரங்களுக்குக் கடல்நீரைக் குடிநீராக்கிக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?" என்பது கேள்வி.

இரண்டாவது பாதிக்கு ஒரு சொல்லில் பதில்: தீராது. ஏன் தீராது என்று சொல்ல, முதலில் அந்த 2050 கணக்கையே பிரித்துப் பார்க்க வேண்டும். அதை மேற்கோள் காட்டுபவர்கள் ஏராளம். அட்டவணையைத் திறந்து வரிவரியாகப் பார்த்தவர்கள் குறைவு.

வரவுப் பக்கத்திலிருந்து தொடங்குவோம். மழையாகவும் பனியாகவும் ஓராண்டில் நாட்டில் விழுவது ஏறத்தாழ 4,000 பில்லியன் கன மீட்டர். பொறியாளர்கள் சுருக்கமாக பிசிஎம் என்பார்கள். நமக்குப் பழக்கமான அளவில் சொன்னால் 1 பிசிஎம் என்பது சுமார் 35 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி). மேட்டூர் அணை ததும்பி நின்றால் 93.47 டிஎம்சி, அது 3 பிசிஎம்கூட ஆகாது. விழும் மழையில் மண்ணும் மரமும் காற்றும் எடுத்துக்கொண்டது போக ஆறுகளிலும் நிலத்தடியிலும் சேர்வது, மத்திய நீர்வள ஆணையத்தின் 2019 மறுமதிப்பீட்டின்படி 1,999 பிசிஎம். அதிலும் மனிதர் கைக்கு எட்டுவது என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் எண் 1,123. மேற்பரப்பு நீர் 690, நிலத்தடி நீர் 433.

மீதி ஏன் எட்டவில்லை? பிரம்மபுத்திரா, பராக் படுகைகளில் மட்டும் நாட்டின் ஆற்றுநீரில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி ஓடுகிறது. அவ்வளவு நீரைத் தேக்க அங்கே இடமும் இல்லை, அவ்வளவையும் பாய்ச்ச நிலமும் இல்லை. மற்ற ஆறுகளில் ஆண்டுத் தண்ணீரின் பெரும்பகுதி பருவமழை மாதங்களிலேயே வந்து போய்விடுகிறது. நாட்டின் பெரிய அணைகள் எல்லாம் சேர்ந்து தேக்கக்கூடியது சுமார் 250 பிசிஎம்தான்.

இப்போது செலவுப் பக்கம். சுவாரசியம் எல்லாம் இங்கேதான். ஒருங்கிணைந்த நீர்வள மேம்பாட்டுக்கான தேசிய ஆணையம் 1999-ல் கொடுத்த அறிக்கை, 2050-ன் தேவை குறைந்தபட்சம் 973, அதிகபட்சம் 1,180 பிசிஎம் என்றது. அந்த 1,180 என்ற எண்ணை 1,123-க்குப் பக்கத்தில் வைத்துத்தான் "தாண்டிவிடும்" என்ற செய்தி பிறக்கிறது. ஆனால் நீர்வள அமைச்சகத்தின் நிலையான துணைக்குழு ஒன்றும் அதே 2050-க்குக் கணக்குப் போட்டது. அது சொன்னது 1,447. ஒரே அரசு, ஒரே ஆண்டு, இரண்டு எண்கள். நடுவில் 267 பிசிஎம் இடைவெளி. காவிரியில் ஓராண்டுக்குக் கிடைப்பதாக நடுவர் மன்றம் எடுத்துக்கொண்ட 740 டிஎம்சி என்பது 21 பிசிஎம்தான் என்றால், இந்த இடைவெளிக்குள் எத்தனை காவிரிகள் அடங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 267 எங்கிருந்து வந்தது? பாசனம் என்ற வரியைப் பாருங்கள். ஆணையம் 807 என்கிறது, துணைக்குழு 1,072 என்கிறது. வித்தியாசம் 265. குடிநீர், தொழில், மின்சாரம் ஆகியவற்றிலும் இருவரும் வேறுபடுகிறார்கள். ஆனால் கூட்டிக் கழித்தால் அவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. கால்வாய்ப் பாசனத்தின் செயல்திறன் 35–40 விழுக்காட்டிலிருந்து 60-க்கு உயர்ந்துவிடும் என்று ஆணையம் எடுத்துக்கொண்டது. அந்த அனுமானம் பலித்தால் ஒரு எதிர்காலம், பலிக்காவிட்டால் வேறொன்று. ஆக "2050-ன் தேவை" என்று நாம் பயத்தோடு உச்சரிக்கும் எண்ணில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், வயலில் தண்ணீர் எப்படிப் பாயும், எந்தப் பயிருக்குப் பாயும் என்பது பற்றிய யூகம். மக்கள்தொகை பெருகுகிறது, ஆகவே தேவை பெருகுகிறது என்பது பாதி உண்மை. வீடுகளுக்கான தேவை ஆணையத்தின் அட்டவணையில் 111 பிசிஎம். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அட்டவணையை மூடும் முன் இன்னும் இரண்டு வரிகளைப் பார்த்துவிடலாம். சுற்றுச்சூழலுக்கு, அதாவது ஆறு ஆறாக ஓடுவதற்கு, 20 பிசிஎம். நீர்த்தேக்கங்களிலிருந்து வெயிலில் ஆவியாகிப் போவதற்கு 76. நாட்டின் அத்தனை ஆறுகளுக்கும் சேர்த்து எழுதப்பட்ட பங்கு, வெயில் கொண்டுபோவதில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. காவிரியிலும் இதே கதைதான். 2007 இறுதித் தீர்ப்பில் 740 டிஎம்சியில் சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4. மற்றதெல்லாம் நான்கு தரப்புக்கும் பங்கு போட்டாயிற்று. அதற்கப்புறம் கழிமுகத்தில் உப்புநீர் ஏறுகிறதே என்று ஆச்சரியப்படுவதில் பொருள் இல்லை.

தனிநபருக்குக் கிடைக்கும் நீர் பற்றியும் ஒரு வரி. 1951-ல் 5,177 கன மீட்டர், 2011-ல் 1,545 என்று பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. 1,700-க்குக் கீழே போனால் நீர் நெருக்கடி நிலை என்பார்கள். எண் சரியானதே, ஆனால் அசாமில் ஓடும் தண்ணீரையும் ராமநாதபுரத்துத் தாகத்தையும் சேர்த்து வகுத்தால் வரும் சராசரியை வைத்து எந்த ஊருக்கும் குழாய் போட முடியாது. சமநிலை என்பது ஆற்றுப் படுகைக்குப் படுகை, பருவத்துக்குப் பருவம் பார்க்க வேண்டியது.

அதிலும் எந்த ஆண்டை வைத்துத் திட்டமிடுவது என்பது பெரிய கேள்வி. கிருஷ்ணா நதிக்கு பச்சாவத் நடுவர் மன்றம் எடுத்துக்கொண்ட 2,060 டிஎம்சி, நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளாவது கிடைக்கும் என்று நம்பத்தக்க அளவு. காவிரியின் 740 இரண்டு ஆண்டுகளில் ஓர் ஆண்டுக்குத்தான் கிடைக்கும் அளவு. அதாவது பங்கீட்டுக் கணக்கிலேயே பாதி ஆண்டுகள் பற்றாக்குறை ஆண்டுகள். அத்தகைய ஆண்டில் யாருக்கு எவ்வளவு குறையும் என்பதை முன்கூட்டியே எல்லோரும் ஒப்புக்கொண்ட வாய்ப்பாடாக வைத்துக்கொள்ளாததால்தான் மழை பொய்க்கும் ஒவ்வோர் ஆண்டும் உச்ச நீதிமன்ற வாசலில் நிற்கிறோம். நல்ல ஆண்டுக்குத் திட்டம் போட யாராலும் முடியும்.

சரி, தேசியத் திட்டம் இருக்கிறதா? இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். தேசிய நீர்க் கொள்கை 1987, 2002, 2012 என மூன்று முறை வந்திருக்கிறது. 1987 கொள்கை குடிநீர், பாசனம், நீர்மின்சாரம் என்று வரிசை எண் போட்டு முன்னுரிமை கொடுத்தது. 2002-ல் சூழலியலுக்கும் ஓர் இடம் கிடைத்தது. 2012-ல் அந்தப் பட்டியலைத் தளர்த்தி, குடிநீர், சுகாதாரம், உணவுப் பாதுகாப்பு, ஏழை உழவரின் பிழைப்பு, சூழலின் குறைந்தபட்சத் தேவை ஆகியவற்றுக்கு மேல் உள்ளதைப் பொருளாதாரப் பண்டமாகக் கருத வேண்டும் என்றார்கள். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொள்கை சட்டம் ஆகாது. அரசியலமைப்பில் தண்ணீர் மாநிலப் பட்டியலின் 17-வது இனம். மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மத்தியப் பட்டியலின் 56-வது இனத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி 1956-ல் நதி வாரியங்கள் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை. அதே ஆண்டு வந்த நதிநீர்த் தகராறுகள் சட்டமோ ஓய்வே இல்லாமல் வேலை செய்கிறது. சேர்ந்து திட்டமிடும் சட்டம் தூங்க, சண்டையைத் தீர்க்கும் சட்டம் விழித்திருந்தது என்பதே நம் நீர் நிர்வாகத்தின் வரலாறு.

நிலத்தடி நீரில் இந்த அளவுக்கான ஒழுங்குகூட இல்லை. 1882-ன் வசதியுரிமைச் சட்டக் காலத்திலிருந்து, நிலம் யாருடையதோ அடியிலுள்ள தண்ணீரும் அவருடையது என்பதே நடைமுறை. உலகிலேயே அதிகமாக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு நாம். ஆண்டுக்கு 240 பிசிஎம் அளவுக்கு இறைக்கிறோம். 2023 மதிப்பீட்டில் 6,553 குறுவட்டங்களிலும் வட்டாரங்களிலும் 736 இடங்களில், ஊறுவதைவிட இறைப்பது அதிகம். தமிழ்நாடு 2003-ல் நிலத்தடி நீருக்கென ஒரு சட்டம் இயற்றியது. நடைமுறைக்கு வராமலேயே 2013-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மாநிலங்கள் இதில் தயங்குவதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும்: கிணறு வைத்திருப்பவர்கள் வாக்காளர்கள்.

என் வாதம் இதுதான். இந்தியாவின் தண்ணீர்த் தேவையைத் தீர்மானிக்கும் இடம், நீர்வளத்தைக் கவனிக்கும் மத்திய ஜல் சக்தி அமைச்சகம் கிடையாது. நெல்லையும் கோதுமையையும் கொள்முதல் செய்யும் உணவுத் துறையும், விவசாய மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் மாநில மின்வாரியங்களும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. அந்த மேசைகளில் தண்ணீர் என்ற சொல் உச்சரிக்கப்படாத வரை நீர்வளத் துறை போடும் திட்டம் எல்லாம் பின்னால் ஓடி வந்து துடைக்கும் வேலையாகவே இருக்கும்.

பஞ்சாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களின் தொடக்கத்தில் அங்கே நெல் இரண்டே கால் லட்சம் ஹெக்டேரை ஒட்டித்தான் இருந்தது. இன்று 30 லட்சம் ஹெக்டேர். பஞ்சாப் வீடுகளில் அன்றாடம் ரொட்டி. நெல் முழுக்க அரசுக் கொள்முதலுக்கு. குறைந்தபட்ச ஆதரவு விலை இருபதுக்கும் மேற்பட்ட பயிர்களுக்கு அறிவிக்கப்பட்டாலும், அரசு மூட்டை மூட்டையாக வாங்குவது நெல்லும் கோதுமையும்தான். உழவர் முட்டாள் இல்லை. விற்கும் என்று தெரிந்ததைப் போடுகிறார். 1997 முதல் பாசன மின்சாரமும் இலவசம். விளைவு, 2023 மதிப்பீட்டில் அந்த மாநிலத்தின் நிலத்தடி நீர் எடுப்பு 164 விழுக்காடு. நூறு ஊறினால் நூற்று அறுபத்து நான்கு எடுக்கிறார்கள்.

அதற்குப் பஞ்சாப் கண்ட மருந்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 2009-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: ஜூன் 10-க்கு முன் யாரும் நாற்று நடக்கூடாது. பிறகு தேதி இன்னும் தள்ளிப் போனது. காரணம் எளியது. மே மாத வெயிலில் நட்டால் வயலில் நிற்கும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பருவமழையை ஒட்டி நட்டால் வானமே பாதி வேலையைச் செய்துவிடும். அணை இல்லை, கால்வாய் இல்லை, காலண்டரில் ஒரு தேதியை நகர்த்தியதுதான். ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையில் இருந்த நாட்கள் சுருங்கின. அவ்வளவு குறுகிய காலத்தில் வைக்கோல் தாளை அகற்ற வழியில்லாமல் வயலிலேயே கொளுத்துகிறார்கள். பனிக்காலம் தொடங்கும்போது காற்று அசையாமல் நிற்பதால் அந்தப் புகை டெல்லி வரை படிகிறது. தண்ணீரைக் காப்பாற்றப் போய்க் காற்றில் மாட்டிக்கொண்ட கதை. நெல்லை அப்படியே வைத்துக்கொண்டு அதன் தேதியை மட்டும் மாற்றினால் இதுதான் நடக்கும்.

ஏற்றுமதியையும் சேர்த்துப் பார்த்தால் படம் முழுமையாகும். 2021–22-ல் இந்தியா 2 கோடி டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி செய்தது. உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு. ஒரு கிலோ அரிசிக்கு 2,000 லிட்டர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 40 பிசிஎம், அதாவது 1,400 டிஎம்சி. காவிரியின் ஓராண்டு நீரைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதில் ஒரு பகுதி எப்படியும் வயலில் விழுந்திருக்கும் மழைநீர் என்பதால் முழுவதையும் இழப்பாக எழுதக்கூடாது. வங்காளத்தில் மழையில் விளைந்த அரிசி கப்பல் ஏறினால் எனக்குக் கவலை இல்லை. பல நூறு அடி ஆழத்திலிருந்து இலவச மின்சாரத்தில் இறைத்து விளைந்தது கப்பல் ஏறுவதைத்தான் கேட்கிறேன்.

இலவச மின்சாரத்தைத் திட்டுவது எளிது. நான் திட்ட வரவில்லை. மானாவாரி நிலத்தில் கிணற்றை நம்பி வாழும் சிறு உழவருக்கு அது உயிர்நாடி. சிக்கல் அது கொடுக்கப்படும் விதத்தில் இருக்கிறது. மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வரும், எப்போது போகும் என்று நிச்சயம் இல்லாதவர் என்ன செய்வார்? ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். நள்ளிரவில் மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடும். வயல் நிரம்பி வரப்பைத் தாண்டினாலும் ஓடும். குஜராத் 2003 முதல் ஜோதிகிராம் திட்டத்தில் ஊருக்குத் தனி மின்பாதை, பாசனத்துக்குத் தனி மின்பாதை என்று பிரித்து, பாசனத்துக்கு எட்டு மணி நேரம், ஆனால் நேரம் தவறாமல், முழு அழுத்தத்தில் என்று கொடுத்தது. பஞ்சாப் 2018-ல் வேறொன்றை முயன்றது. ஒதுக்கீட்டுக்கும் குறைவாக மின்சாரம் செலவழித்தால், மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் உழவர் கணக்கில் 4 ரூபாய். இவை இரண்டையும் நடத்தியது மின்துறை. நீர்வளத் துறை அலுவலகத்தில் இப்படி ஒன்றுக்குக் கோப்புகூடத் திறக்க முடியாது.

"சொட்டுநீர்ப் பாசனம் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்லது, தமிழ்நாட்டில் சிறு, குறு உழவர்களுக்கு முழு மானியமே கிடைக்கிறது. விளைச்சல் கூடும், ஆள் செலவும் உரச் செலவும் குறையும். ஆனால் படுகையில் தண்ணீர் மிச்சமாகுமா என்பது வேறு கேள்வி. இரண்டு ஏக்கருக்குப் போன தண்ணீரில் இப்போது மூன்று ஏக்கர் பாயும் என்றால், மூன்றாவது ஏக்கரையும் பயிர் வைப்பதே மனித இயல்பு. கிணற்றிலிருந்து வெளியேறும் அளவு குறையாது. முன்பு மண்ணுக்குள் இறங்கிப் பக்கத்துக் கிணற்றில் ஊறிய பங்கும் இப்போது பயிர் வழியே காற்றில் போய்விடும்.

கால்வாய்க்கு சிமென்ட் பூசுவதிலும் இந்தச் சூட்சுமம் உண்டு. கசிவு என்று நாம் எழுதும் தண்ணீர் எல்லாம் வீண் போவதில்லை. டெல்டாவில் கால்வாயிலும் வயலிலும் கசிந்து இறங்கியதைத்தான் ஆழ்துளைக் கிணறுகள் திரும்ப மேலே கொண்டுவருகின்றன. 2018 காவிரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுப் பகுதியின் நிலத்தடி நீரில் 10 டிஎம்சியைக் கணக்கில் எடுத்துக்கொண்டதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்; நம் பங்கு 419-லிருந்து 404.25 ஆனதில் அதற்கும் இடம் உண்டு. கால்வாய் நீரையும் அதிலிருந்து ஊறிய கிணற்று நீரையும் தனித்தனியே கூட்டினால் ஒரே தண்ணீரை இரண்டு முறை எண்ணிவிடுவோம். கசிவு கடலுக்கோ உப்புநீர்ப் படிவத்துக்கோ போகும் இடத்தில் சிமென்ட் பூசினால் அது உண்மையான மிச்சம். கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவதற்காகப் பூசினாலும் நியாயம் உண்டு, ஆனால் அதைப் பகிர்வு என்று சொல்ல வேண்டும். சேமிப்பு என்று எழுதக்கூடாது. எடுத்த அளவை மட்டும் எழுதிவிட்டு, ஆவியாகித் திரும்பாமல் போனது எவ்வளவு என்று எழுதாத எந்த நீர்க் கணக்கும் குறைக் கணக்கு.

இனி நீங்கள் கேட்ட நதிநீர் இணைப்பு. இது புதிய யோசனை இல்லை. மத்திய பாசன அமைச்சராக இருந்த கே.எல். ராவ் 1972-ல் கங்கை–காவிரி இணைப்பை முன்வைத்தார்; 2,640 கிலோமீட்டர் நீளம். 1980-ல் தேசியத் தொலைநோக்குத் திட்டம், 1982-ல் அதற்கென்று தேசிய நீர் மேம்பாட்டு முகமை, தாளில் 30 இணைப்புகள். அவற்றில் முதலாவதாக வேலைக்கு வந்திருப்பது கென்–பெத்வா. 2021-ல் மத்தியப் பிரதேசமும் உத்தரப் பிரதேசமும் கையெழுத்திட்டன, மதிப்பீடு 44,605 கோடி ரூபாய், அணைக்காக பன்னா புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதி மூழ்கும். தாளிலிருந்து தரைக்கு வர நாற்பது ஆண்டுகள்.

எனக்குள்ள ஐயம் பணத்தைப் பற்றியது மட்டும் இல்லை. "மிகுநீர்" உள்ள படுகை என்று யார் சொல்வது? மகாநதியில் மிகுதி என்று முகமை சொன்னால் ஒடிசா மறுக்கிறது. பம்பை–அச்சன்கோவிலில் மிகுதி என்றால் கேரளம் மறுக்கிறது. வெள்ளக் காலத்தில் எல்லா ஆற்றிலும் மிகுதிதான். நமக்குத் தண்ணீர் வேண்டிய மாதத்தில் அந்த ஆற்றிலும் தேவை இருக்கும். ஒப்பந்தத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள தூரத்தைச் சென்னை நன்றாக அறியும். கிருஷ்ணா நீருக்கு மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் ஆளுக்கு 5 டிஎம்சி என்று 1976-ல் ஒப்புக்கொண்டன, 1983-ல் தெலுங்கு கங்கை ஒப்பந்தம், எல்லையில் தண்ணீர் வந்து சேர்ந்தது 1996-ல். வழி ஆவியாதல் போக ஆண்டுக்கு 12 டிஎம்சி வர வேண்டும். பல ஆண்டுகளில் அதில் பாதிகூட வரவில்லை. ஒரு நகரத்தின் குடிநீருக்கே இந்த நிலை என்றால், பல மாநிலங்களைக் கடந்து வயலுக்கு வரப்போகும் நீரை நம்பி 2050-ன் பாசன வரியை நிரப்ப எனக்குத் துணிவு இல்லை.

கடல்நீர்? நகரத்துக்குச் சரி. மீஞ்சூரில் 2010-ல், நெம்மேலியில் 2013-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலைகள் வந்தன. மழை பொய்த்து ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த 2019-ல் அவை இல்லாவிட்டால் சென்னை என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. ஆனால் அளவைப் பாருங்கள். அப்படி ஓர் ஆலை ஆண்டு முழுவதும் ஓய்வில்லாமல் ஓடினால் கிடைப்பது 1.3 டிஎம்சி. ஒரு டிஎம்சிக்குத் தோராயமாக 6,000 ஏக்கர் நெல் என்பது பாசனப் பொறியாளர்களின் கைக்கணக்கு. ஆக ஓர் ஆலையின் ஓராண்டு உழைப்பு, எட்டாயிரம் ஏக்கருக்கும் குறைவான ஒரு போக நெல். நல்ல ஆண்டில் டெல்டாவில் குறுவை மட்டுமே ஐந்து லட்சம் ஏக்கரை ஒட்டி நடப்படுகிறது. போதாக்குறைக்கு ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் வேறு. குடிக்க அந்த விலை கொடுக்கலாம், பயிருக்குக் கட்டுப்படியாகாது.

நகரங்களைப் பொறுத்தவரை நான் அதிகம் நம்புவது கழிவுநீரை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020–21 கணக்கில் இந்திய நகரங்களின் கழிவுநீர் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர். ஆண்டுக்குப் பெருக்கினால் 930 டிஎம்சி வருகிறது. காவிரியைவிடப் பெரிய ஆறு. உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 28 விழுக்காடு. பெங்களூரின் கழிவு தென்பெண்ணையில் இறங்கி ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதே பெங்களூரின் கழிவில் ஒரு பகுதி, சுத்திகரிக்கப்பட்டு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை கோலார் ஏரிகளை நிரப்பும் திட்டமும் 2018 முதல் ஓடுகிறது. அதன் சுத்திகரிப்பு போதுமா என்ற விவாதம் முடியவில்லை. சென்னை கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து ஆலைகளுக்குக் கொடுக்கிறார்கள். அவ்வளவு நல்ல தண்ணீர் குடிக்க மிஞ்சுகிறது. இதிலும் மேலே சொன்ன எச்சரிக்கை பொருந்தும்: ஒரு நகரத்தின் சாக்கடை பல இடங்களில் கீழேயுள்ள உழவரின் பாசனம். அதைத் திருப்பிவிடும் முன் அவர் பங்கையும் எழுத வேண்டும்.

ஏரி, கண்மாய் பற்றிச் சொல்லாவிட்டால் கோபிப்பீர்கள். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள். தூர்வாரி, வரத்துக்கால்வாயைத் திறந்து, மதகைச் சீர்செய்தாலே பெரிய அணைகளுக்குச் சமமான தேக்கம் சின்னச் சின்னதாகக் கிடைக்கும். அதில் மாற்றுக் கருத்து யாருக்கும் இல்லை. 2023-ல் வெளியான நீர்நிலைகள் கணக்கெடுப்பு, நாடு முழுவதும் 24 லட்சம் நீர்நிலைகளில் ஆக்கிரமிப்பு 1.6 விழுக்காடு என்றது. எந்த ஊர்க்காரரும் இதைக் கேட்டால் சிரித்துவிடுவார்.

எனவே தேசியத் திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், எனக்குப் படுகைவாரியான கணக்குப் புத்தகம் வேண்டும். மழை பொய்த்த ஆண்டுக்கான பங்கீடு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். அதற்கெல்லாம் மேலாக, இந்திய உணவுக் கழகம் அடுத்த பருவத்தில் எந்த மாவட்டத்தில் எதை வாங்கும் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அந்த மாவட்டத்தின் கிணற்று மட்டமும் மேசையில் இருக்க வேண்டும். ஹரியானா 2020-ல் நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறினால் ஏக்கருக்கு 7,000 ரூபாய் என்று அறிவித்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் மக்காச்சோளம் போட்டவர் அதை மண்டிக்குக் கொண்டுபோனால் ஆதரவு விலைக்கு வாங்க ஆள் வேண்டுமே! ஆள் இல்லாவிட்டால், மறுபருவம் அவர் நெல்லுக்கே திரும்புவார். ஒடிசா 2017-ல் தொடங்கிய சிறுதானிய இயக்கத்தில் அரசே கேழ்வரகை வாங்கி ரேஷனில் கொடுத்தது. தமிழ்நாடும் 2023-ல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. அதற்கான கேழ்வரகைத் தருமபுரி, கிருஷ்ணகிரி உழவர்களிடமிருந்தே கொள்முதல் செய்கிறார்கள். நீர்வளத் துறையின் பட்ஜெட்டில் இதற்கு ஒரு ரூபாய்கூட இல்லை.